வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சரா போகணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கறது? குடியாத்தம் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, அந்த ஏஜென்ட்டுக்கு பணம் கட்டாதீங்க. மீதியெல்லாம் பொறுமையா பேசலாம், மொதல்ல அது.

மத்தவங்களும் படிப்பாங்கங்கறதால கேள்விய சுருக்கமா போட்டுடறேன். தம்பிக்கு குடியாத்தம், பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், திருவள்ளுவர் யூனிவர்சிட்டில எம்.ஏ. இங்கிலீஷ், அப்புறம் பி.எட்., இப்ப ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல வேலை. தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் வேலை வாங்கித் தரேன், டூரிஸ்ட்டா உள்ள போயிடு, அங்க போனப்புறம் விசா மாத்திக்கலாம், ஒன்றரை லட்சம் கட்டுன்னு ஒருத்தர் சொல்றாராம். ஆன்லைன்ல விக்கற 120 மணி நேர டெஃபல் சர்டிபிகேட் (இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கற பயிற்சி) போதுமா, நம்ம அக்சென்ட்ட ஒத்துப்பாங்களா, இங்கிலீஷுக்கு பதிலா தமிழ் வாத்தியாரா போக வழி இருக்கான்னும் கேட்டிருக்கார். நான் தாய்லாந்துலயும் ஓமன்லயும் பாடம் எடுத்துட்டு இப்ப காட்பாடியில டீச்சர்ஸுக்கு ட்ரெயினிங் குடுத்துக்கினு இருக்கேன், அதனால தெரிஞ்சத சொல்றேன்.

எல்லாரும் எந்த சர்டிபிகேட் பண்றதுன்னுதான் ஆரம்பிக்கறாங்க. ஆனா உங்க இங்கிலீஷ் எப்படி இருக்குன்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடியே உங்க பாஸ்போர்ட் என்ன கலருன்னு பார்த்து பாதி கதவு மூடிடும். இது வயித்தெரிச்சலான விஷயம்தான், ஆனா தெரிஞ்சிக்காம காசு செலவு பண்ணக்கூடாது. தென்கொரியாவை எடுத்துக்குங்க, அங்க இங்கிலீஷ் டீச்சருக்கு குடுக்கற ஈ-2 விசா அடிப்படையில ஏழு நாட்டுக்காரங்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. 2010ல அமலுக்கு வந்த இந்தியா-கொரியா ஒப்பந்தத்துல நம்ம ஊர் பி.எட். டீச்சர்களுக்கும் அசிஸ்டென்ட் டீச்சரா ஒரு சின்ன வழி வெச்சாங்க, காகிதத்துல இருக்கு, அதை நம்பி ப்ளான் போடாதீங்க. சைனாவுலயும் அதே கதை, இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கற நாட்டுக்காரங்களுக்குத்தான் சட்டப்படி அந்த வேலை, மத்தவங்கள பிசினஸ் விசாலயோ ஸ்டூடன்ட் விசாலயோ கூட்டிக்கினு போய் கிளாஸ்ல நிக்க வெப்பாங்க, போலீஸ் வந்தா மாட்டறது டீச்சர்தான். ஜப்பான்ல பாஸ்போர்ட்டுக்கு பதிலா வேற ஒண்ணு கேப்பாங்க, 12 வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதுக்கு ப்ரூஃப். கான்வென்ட்ல படிச்ச பசங்களுக்கு அது பெரிய வாய்ப்பு, நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. உங்களுக்கு பத்தாவது வரை தமிழ் மீடியம்ங்கறதால அது சரிப்படாது.

சரி, திறந்திருக்கற கதவு எதெல்லாம்? தாய்லாந்து, மாலத்தீவு, வளைகுடா, இது மூணையும் மொதல்ல பாருங்க. வியட்நாம், கம்போடியாலயும் நம்ம ஆளுங்க இருக்காங்க. ஆனா வியட்நாம்ல லாங்குவேஜ் சென்டர்காரங்க வெள்ளைக்கார முகத்த எதிர்பார்ப்பாங்க, பேரன்ட்ஸுக்கு காட்டணும் இல்ல.

வளைகுடா உங்களுக்கு சுலபம், ஏன்னா அங்க இருக்கற சி.பி.எஸ்.இ. ஸ்கூலுங்களுக்கு எம்.ஏ., பி.எட். தான் வேணும், அது உங்க கையில இருக்கு. ஆனா ஒண்ணு புரிஞ்சிக்குங்க, அது இங்கிலீஷ்ங்கற சப்ஜெக்ட்ட நடத்தற வேலை. குடியாத்தத்துல நடத்தற அதே புக்கு, அதே போர்டு எக்ஸாம், அதே போர்ஷன் முடிக்கிற ஓட்டம், ஏசி மட்டும் எக்ஸ்ட்ரா. கரஸ்ல டிகிரி வாங்கினவங்களுக்கு அங்க சிக்கல் வரும், ரெகுலரா படிச்சதான்னு யூனிவர்சிட்டிக்கே எழுதி கேப்பாங்க. மாலத்தீவுல ரொம்ப காலமா தமிழ்நாடு, கேரளா டீச்சருங்க வேலை பார்க்கறாங்க, ஸ்கூல் எல்லாம் இங்கிலீஷ் மீடியம், அவங்க கல்வி அமைச்சகமே ஆள் எடுக்கும். சின்ன தீவுல போட்டாங்கன்னா மாசக்கணக்கா அதே நானூறு ஐநூறு முகத்ததான் பார்க்கணும், தனிமை தாங்கற ஆளுங்களுக்கு நல்ல இடம், காசும் மிச்சமாகும், செலவு பண்ண கடையே இருக்காது.

இங்கிலீஷே தெரியாத பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கணும்னு உண்மையிலயே ஆசைன்னா தாய்லாந்துதான். அங்க இங்கிலீஷ் டீச்சர்ல நம்ம ஆளுங்கள விட பிலிப்பைன்ஸ்காரங்க ஜாஸ்தி. டிகிரி கண்டிப்பா வேணும். இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க டோயிக்ங்கற இங்கிலீஷ் எக்ஸாம்ல 600 மார்க் காட்டணும், அந்த ஸ்கோர் ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சவருக்கு 600 பெரிய விஷயமே இல்ல. குருசபான்னு அவங்களுக்கு ஒரு டீச்சர்ஸ் கவுன்சில் இருக்கு, பர்மிட்டோ லைசென்ஸோ அங்கதான் வாங்கணும், அதுல உங்க பி.எட். ரொம்ப உதவும். வெறும் பி.ஏ.வோட வர அமெரிக்கப் பையன் டெம்பரரி பர்மிட்டுக்கு அலைஞ்சிக்கினு இருப்பான், நீங்க டீச்சிங் படிச்ச ஆளு. ஆனா சம்பளம்னு வந்தா ஒரே ஸ்கூல், ஒரே டைம்டேபிள், அவனுக்கு ஒரு ரேட், உங்களுக்கு ஒரு ரேட். வேலை விளம்பரத்துலயே நேட்டிவ் இவ்ளோ, நான்-நேட்டிவ் இவ்ளோன்னு கூச்சமே இல்லாம போட்டிருப்பாங்க. இத மொதல்லயே தெரிஞ்சிக்கினு போங்க, போய் பார்த்து மனசு ஒடையாதீங்க.

இப்ப ஏஜென்ட் விஷயம். நேர் வழி என்னன்னா, ஸ்கூல் உங்களுக்கு ஆஃபர் லெட்டரும் பேப்பர்களும் அனுப்பும், அத வெச்சி தாய்லாந்தோட இ-விசா வெப்சைட்ல அப்ளை பண்ணி, வேலைக்குப் போறவங்களுக்கான நான்-இமிகிரன்ட் பி விசா வாங்கிக்கினு ஏறணும், அங்க போனப்புறம் ஒர்க் பர்மிட் ஸ்கூல் மூலமா வரும். டூரிஸ்ட்டா போய் மாத்திக்கலாம்னு சொல்றவன், ஒர்க் பர்மிட் வராத நாளெல்லாம் நீங்க சட்டவிரோதமா வேலை செய்யறீங்கன்னு சொல்ல மாட்டான். இன்னும் மோசமானதும் இருக்கு. 2022 செப்டம்பர்ல நம்ம வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டாங்க, தாய்லாந்துல வேலைன்னு சொல்லி பசங்கள கூட்டிக்கினு போய் மியான்மர் பார்டர் தாண்டி ஆன்லைன் மோசடி கம்பெனிங்கள்ல அடைச்சி வெச்சாங்க, மீட்டுக்கினு வந்தவங்கள்ல தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தாங்க. உங்க ஏஜென்ட் அப்படிப்பட்ட ஆளுன்னு நான் சொல்லல. ஆனா ஸ்கூல் பேர், ஊர் பேர், காண்ட்ராக்ட் எதுவுமே காட்டாம பாங்காக் போ, அங்க ஆள் வருவான்னு சொன்னா, வேணாம்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பற எந்த ஏஜென்ட்டும் அரசாங்கத்துல பதிவு பண்ணியிருக்கணும், வெளியுறவு அமைச்சகத்தோட இ-மைக்ரேட் வெப்சைட்ல பேர் போட்டா தெரிஞ்சிடும். பதிவு பண்ண ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் சர்வீஸ் சார்ஜா வாங்கலாம்னு ரூல். ஒன்றரை லட்சம் எந்தக் கணக்குன்னு அவரையே கேளுங்க, ரசீது தருவாரான்னும் சேர்த்து கேளுங்க, முகம் மாறும். சென்னைல தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு மனிதவள நிறுவனம்னு ஒண்ணு 1978லேர்ந்து இருக்கு, நர்ஸு, டிரைவர், டீச்சர்னு அப்பப்ப அறிவிப்பு போடுவாங்க, அதுல ஒரு கண்ணு வெச்சிருங்க.

சர்டிபிகேட். நாலாயிரம் அஞ்சாயிரத்துக்கு ஆன்லைன்ல கெடைக்கற 120 மணி நேர டெஃபல் இருக்கே, அது ஃபைலுக்குள்ள வெக்கற காகிதம். சில நாட்டுல விசாவுக்கு அந்தக் காகிதம் கேப்பாங்க, கேட்டா வாங்கிக்குங்க, தப்பில்ல. ஆனா அத முடிச்சா பாடம் எடுக்க வந்துடும்னு நெனைக்காதீங்க, ஏன்னா அதுல நீங்க பாடம் எடுக்கறத ஒரு ஆளும் உக்காந்து பார்க்கறதில்ல. செல்ட்டான்னு கேம்பிரிட்ஜ் நடத்தற கோர்ஸ் வேற ரகம். அதுவும் 120 மணி நேரம்தான், ஆனா அதுல 6 மணி நேரம் நிஜமான ஸ்டூடன்ட்ஸுக்கு நீங்க பாடம் எடுக்கணும், ட்ரெயினர் பின்னாடி உக்காந்து ஒவ்வொண்ணா குறிச்சிக்கினு இருப்பாரு, முடிஞ்சதும் கூட படிக்கறவங்க முன்னாடியே பிரிச்சி மேய்வாங்க. ஃபுல்டைம்னா நாலஞ்சு வாரம், தூக்கம் போயிடும். இப்ப முழுசா ஆன்லைன்லயே பண்ணலாம். ட்ரினிட்டியோட சர்ட்டெசால் அதே தரம்தான். செலவு ஒரு லட்சத்துக்கு மேல ஆகும், அதனால இப்பவே பண்ண வேணாம்ங்கறது என் அபிப்பிராயம். தாய் ஸ்கூலுக்கோ மாலத்தீவுக்கோ சி.பி.எஸ்.இ. ஸ்கூலுக்கோ அத யாரும் கேக்கப்போறதில்ல. ஓமன் மாதிரி ஊர்ல காலேஜ் ஃபவுண்டேஷன் கிளாஸ் (டிகிரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடத்தற இங்கிலீஷ் கிளாஸ்), பெரிய லாங்குவேஜ் சென்டர்னு அடுத்த படி ஏறணும்னு தோணும்போது, சம்பாதிச்ச காசுல பண்ணுங்க. வீட்ல நகைய அடகு வெச்சி பண்ணாதீங்க.

அப்போ ட்ரெயினிங் எங்க கெடைக்கும்னா, வேலூர்லயே கெடைக்கும். இதத்தான் நான் எல்லார்கிட்டயும் அடிச்சி சொல்றேன். நம்ம ஸ்கூல்ல கிராமர் எப்படி நடத்தறோம்? போர்டுல ஃபார்முலா எழுதறோம், தமிழ்ல விளக்கம் சொல்றோம், அஞ்சு எக்ஸாம்பிள், எக்ஸர்சைஸ், முடிஞ்சது. தமிழ எடுத்துட்டா நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. தாய்லாந்துல ஒரு கிளாஸ்ல நாப்பது ஐம்பது பசங்க இருப்பாங்க, உங்களுக்கு தாய் தெரியாது, அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ பத்தி பேச்சே இல்ல. அந்த மாதிரி பொது மொழியே இல்லாத கிளாஸ இங்கயே உருவாக்கிக்கலாம். வி.ஐ.டி.ல பீகார், ஆந்திரா, ராஜஸ்தான்னு எங்கெங்கிருந்தோ வந்த பசங்க, சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு பக்கம் ரூம் எடுத்து மாசக்கணக்கா தங்கியிருக்கற பெங்கால், வடகிழக்கு மாநிலத்துக்காரங்க, இவங்களுக்கெல்லாம் கடைத்தெரு தமிழ் அவசரமா தேவைப்படுது. நாலு பேர சேருங்க, காசு வாங்காதீங்க. ஒரு மணி நேரம், இந்தியும் கூடாது, இங்கிலீஷும் கூடாது, தமிழ் மட்டும். இது எவ்ளோ, கொஞ்சம் கம்மி பண்ணுங்க, அரை கிலோ போதும், இவ்ளோதான் பாடம். தக்காளி, வெங்காயம், சில்லறை எல்லாத்தையும் டேபிள்ல வெச்சி கையால காட்டி, முகத்தால காட்டி, திரும்பத் திரும்ப சொல்ல வெச்சி, அப்புறம் அவங்கள நேதாஜி மார்க்கெட்டுக்கு கூட்டிக்கினு போய் விடுங்க. கடைக்காரம்மா சொல்ற பதில் அவங்களுக்கு புரிஞ்சா உங்க பாடம் பாஸ். புரியலன்னா, நீங்க கேள்விய மட்டும் சொல்லிக் குடுத்துட்டு அதுக்கு வரக்கூடிய பதில விட்டுட்டீங்கன்னு தெரியும். நான் ட்ரெயினிங் குடுத்தவங்க நிறைய பேர் அங்கதான் தடுமாறுவாங்க.

அதே மாதிரி இன்னொரு கூட்டம், நர்ஸுங்க. யு.கே. போறதுக்கு ஓ.இ.டி. இல்லன்னா ஐ.இ.எல்.டி.எஸ்.ங்கற இங்கிலீஷ் எக்ஸாம் எழுதணும், வேலூர்ல அதுக்கு படிக்கிற நர்ஸுங்களுக்கு பஞ்சமே இல்ல. ஏற்கனவே இருக்கற ஒரு கோச்சிங் சென்டர்ல வாத்தியாரா சேர்ந்து ஸ்பீக்கிங் கிளாஸ் மட்டும் கேட்டு வாங்குங்க. டியூட்டி முடிச்சிட்டு களைச்சிப் போய் வந்து உக்காரற பெரியவங்களுக்கு பாடம் எடுக்கறது ஒன்பதாங் கிளாஸ் பசங்கள மேய்க்கற வேலை இல்ல, உங்க பயோடேட்டால அடல்ட் லர்னர்ஸ்னு ஒரு வரி அதுல சேரும்.

கிளாஸ்ல ஒரு பழக்கத்த மட்டும் இன்னையிலேர்ந்து மாத்துங்க. புரிஞ்சுதான்னு கேக்காதீங்க. நம்ம ஊர்லயும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க, தாய்லாந்துல அத விட மரியாதையா தலையாட்டுவாங்க, டீச்சருக்கு மனசு கஷ்டமாயிடும்னு. அதுக்கு பதிலா அர்த்தத்த சோதிக்கற சின்னக் கேள்வி கேளுங்க. ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ-ன்னு நடத்தறீங்கன்னா, சாவி இப்ப என்கிட்ட இருக்கா? இல்ல. எப்ப தொலைஞ்சுதுன்னு இந்த வாக்கியத்துல இருக்கா? இல்ல. எது முக்கியம், தொலைஞ்ச நேரமா, இப்ப கதவ திறக்க முடியலங்கறதா? ஒண்ணு ரெண்டு வார்த்தையில பதில் சொன்னாலே போதும், தலை ஆட்டறவன் யார், புரிஞ்சவன் யார்னு தெரிஞ்சிடும். இன்டர்வியூல டெமோ கிளாஸ் கேப்பாங்க, பெரும்பாலும் பத்து பதினஞ்சு நிமிஷம், அதுல நீங்க எவ்ளோ அழகா பேசறீங்கன்னு பார்க்க மாட்டாங்க, பசங்கள எவ்ளோ பேச வெக்கறீங்கன்னுதான் பார்ப்பாங்க. நம்ம எம்.ஏ. ஆளுங்க டெமோல ஷேக்ஸ்பியர ஆரம்பிச்சி பதினஞ்சு நிமிஷமும் தாங்களே பேசி முடிச்சிடறாங்க.

அக்சென்ட்ட பத்தி பயப்படறீங்க. அமெரிக்கன் மாதிரி பேச முயற்சி பண்ணாதீங்க, கேக்க பாவமா இருக்கும். ஆனா சரி பண்ண வேண்டியது மூணு இருக்கு. தமிழ்க்காரங்க வார்த்தை ஆரம்பத்துல வர ப, ட, க சத்தத்த காத்து இல்லாம சொல்றோம், வெளிநாட்டுக்காரன் காதுல பின் போய் இன்னொரு பின்னா, குண்டூசி போய் குப்பைத்தொட்டியா விழும், தாய்க்காரங்களுக்கு இது இன்னும் பெரிய வித்தியாசம், ஏன்னா காத்தோட சொல்ற ப-வும் காத்தில்லாத ப-வும் அவங்க மொழியில ரெண்டு தனி எழுத்து. வாய்க்கு முன்னாடி ஒரு துண்டு பேப்பர பிடிச்சிக்கினு சொல்லிப் பாருங்க, பேப்பர் ஆடணும். ரெண்டாவது, வார்த்தையில எந்த இடத்த அழுத்தறதுன்னு. ஹோட்டல், டெவலப் ரெண்டுலயும் ரெண்டாவது அசையத்தான் அழுத்தணும், நாம எல்லா அசையையும் ஒரே சைஸ்ல சொல்லிட்டுப் போயிடுவோம். மூணாவது வி, டபிள்யூ. மேல் பல்லு கீழ் உதட்டத் தொட்டா வி, உதடு குவிஞ்சா டபிள்யூ. மத்தபடி உங்க அக்சென்ட் உங்களோடது. தமிழ் மீடியத்துலேர்ந்து வந்து இங்கிலீஷ் கத்துக்கிட்டவருக்கு எந்த இடத்துல கால் இடறும்னு தெரியும், பொறந்ததுலேர்ந்து பேசறவனுக்கு அது தெரியாது. இன்டர்வியூல இத தைரியமா சொல்லுங்க.

தமிழ் வாத்தியார் வேலையா? ஆசைய கெடுக்கறேன்னு நெனைக்காதீங்க, சோறு போடற வழியா அத பார்க்க முடியாது. மலேசியாவுல ஐநூத்து சொச்சம் தமிழ்ப்பள்ளி இருக்கு, சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சிமொழி, மொரீஷியஸ்ல ஸ்கூல்லயே தமிழ் பாடம், ஆனா அங்கெல்லாம் அந்தந்த நாட்டு ஆளுங்களே படிச்சி வேலைக்கு வராங்க. கனடா, நார்வே, சுவிஸ், ஜெர்மனில ஈழத்தமிழர் நடத்தற பள்ளிங்க சனி ஞாயிறுல நடக்கும், பெரும்பாலும் தொண்டுதான். ஒரே ஒரு நல்ல வழி ஃபுல்பிரைட் எஃப்.எல்.டி.ஏ., சின்ன வயசு இங்கிலீஷ் டீச்சருங்கள ஒரு கல்வியாண்டுக்கு அமெரிக்க காலேஜுக்கு கூப்பிட்டு அவங்கவங்க மொழிய சொல்லிக் குடுக்க வெப்பாங்க, செலவு அவங்களோடது. அந்த வருஷ அறிவிப்புல தமிழ் இருக்கான்னு பார்த்துட்டு போடுங்க. அப்போ அந்த மார்க்கெட் தமிழ் கிளாஸ் நடத்தின அனுபவம் இருக்கே, விண்ணப்பத்துல அதுதான் உங்கள தனியா காட்டும்.

கடைசியா பேப்பர் வேலை, இதுலதான் நம்ம ஆளுங்க மாசக்கணக்கா தொங்கறாங்க. மொதல் வில்லன் இனிஷியல். மார்க்‌ஷீட்ல எஸ். போட்டு பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிச்சி சர்நேம், டிகிரில இனிஷியல் பின்னாடின்னு மூணு விதமா இருக்கும், வெளிநாட்டு ஆபீசருக்கு அது மூணு வேற ஆளு. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா ஒத்தப் பேரா இருந்தா அதையும் சரி பண்ணுங்க, 2022 நவம்பர்லேர்ந்து யு.ஏ.இ. விசிட் விசாவுக்கு ஒத்தப் பேர ஒத்துக்கறதில்ல. ப்ரொவிஷனலே போதும்னு நெனைக்காம யூனிவர்சிட்டி இருக்கற சேர்க்காடு போய் கான்வொகேஷன் சர்டிபிகேட் வாங்குங்க. அதுக்கப்புறம் மாநில அளவுல அட்டெஸ்டேஷன் (சர்டிபிகேட் உண்மைதான்னு போடற முத்திரை), அப்புறம் வெளியுறவு அமைச்சகம், ஓமன் மாதிரி ஹேக் ஒப்பந்தத்துல இருக்கற நாடுன்னா அமைச்சகம் போடற அப்போஸ்டில்ங்கற முத்திரையே போதும், யு.ஏ.இ. மாதிரி இல்லாத நாடுன்னா அவங்க எம்பசி முத்திரையும் வேணும். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கறது ஒரு டாக்குமென்டுக்கு 50 ரூபாதான், அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ், புரோக்கர் ஆயிரக்கணக்குல கேட்டா எதுக்குன்னு கேளுங்க. போலீஸ் கிளியரன்ஸ மட்டும் கடைசியா எடுங்க, பாஸ்போர்ட் சேவால அப்ளை பண்ணலாம், பழசாயிடுச்சின்னா ஒத்துக்க மாட்டாங்க.

தாய்லாந்துல ஸ்கூல் மே நடுவுல திறக்கும், ரெண்டாவது டெர்ம் நவம்பர். ஆள் எடுக்கறது பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் சூடா இருக்கும், அப்புறம் செப்டம்பர், அக்டோபர். இப்ப டோயிக் எழுதி, பேர சரி பண்ணி, மார்க்கெட் கிளாஸ ஆரம்பிச்சீங்கன்னா அடுத்த பிப்ரவரிக்கு சரியா இருக்கும். ஒண்ணு மட்டும் இப்பவே பாருங்க, சேரும்போது உங்க ஒரிஜினல் சர்டிபிகேட்ட ஸ்கூல்ல வாங்கி வெச்சிக்கிட்டாங்களா? நம்ம பக்கம் நிறைய மேனேஜ்மென்ட் அப்படித்தான். அட்டெஸ்டேஷனுக்கு ஒரிஜினல் வேணும், வெளிநாடுன்னு சொன்னா இழுத்தடிப்பாங்க, அதனால டி.ஆர்.பி. வெரிஃபிகேஷன், பேங்க் லோன்னு ஏதோ ஒண்ணு சொல்லி ஆஃப்இயர்லி லீவுலயே கையில வாங்கிடுங்க. விசா கைக்கு வர வரைக்கும் ராஜினாமா லெட்டர் மட்டும் குடுக்காதீங்க.